காப்பாற்றப்பட்ட உயிரும் கைவிடப்பட்ட கையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாழ்வாதார உதவித் திட்டமொன்றின் கீழ் ஒரு குடும்பத்துக்கு நாம் தையல் இயந்திரம் ஒன்றை வழங்கினோம். 1990 இல் தமது வயற்காணியை விட்டுக் கரையோரத்துக்கு வந்த குடும்பம் அது. கரையோரத்தில் அமைத்த கொட்டிலையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. பின்னர் கல்முனைக்குத் தெற்கே வீட்டுத்திட்டமொன்றில் ஒரு வீடு கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் சொந்தமாக வேளாண்மை செய்த கணவர் பிறருடைய வட்டையில் கூலிக்குப் போனார். மனைவி தையல் தெரிந்தவர். ஆகவே தையல் இயந்திரம் பொருத்தமான உதவி என்றே நாம் எண்ணினோம்.

ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, இயந்திரம் ஒரு மூலையில் சாறனால் மூடிக் கிடந்தது. "பயனாளி அக்கறை காட்டவில்லை" என்று எமது பதிவேட்டில் எழுதினோம். அந்த வரியை எழுதியவர்கள் நாமே என்பதை வெட்கத்தோடு இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

உண்மையை அறிந்து வந்தவர் எம்மோடு பணிபுரியும் ஒரு பெண் உத்தியோகத்தர். "ராத்தா, ஏன் தைக்கல்ல?" என்று அவர் கேட்டபோது, அந்தச் சகோதரி கதவைச் சாத்திவிட்டுச் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாராம். வலது மார்பில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வலது கை, மணிக்கட்டிலிருந்து கமக்கட்டுவரை வீங்கியிருந்தது. தோள் காது மட்டத்துக்கு எழவில்லை. தலை வாரிவிடுவது மகள். "கை இரிக்கி தங்கச்சி. ஆனா அது என்ட கையில்லாத மாதிரி" என்றாராம். தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது ஒரு கைதான் உயர்கிறது என்று சொன்னபோதுதான் அவர் அழுதிருக்கிறார்.

அவருக்கு வைத்தியம் செய்தவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை அவரும் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளில், அந்தக் கையை இனி என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி எவரும் சொல்லியிருக்கவில்லை. அயற்பெண்கள் சொன்னார்கள்: "அந்தக் கைய அசைக்காத, தையல் விட்டிரும்." அவர் கீழ்ப்படிந்தார். மாதக்கணக்காக அசைக்கவேயில்லை. நாம் அக்கறையின்மை என்று எழுதியது உண்மையில் கீழ்ப்படிவு.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதுதான். மார்புப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை, அதன் பின்னர் தோளுக்கும் கைக்கும் செய்யப்படவேண்டிய இயன்மருத்துவம் இல்லாவிட்டால் பாதி வைத்தியமே. மறுபாதி வசதி படைத்தவர்களுக்குரிய ஆடம்பரம் அல்ல. காணியை இழந்து, கையை மட்டும் நம்பி வாழும் குடும்பங்களுக்கே அது முதலில் கிடைக்கவேண்டும்.

வடிச்சல் அடைத்த வயல்

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயாகும். கட்டியுள்ள மார்பை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றும்போது, நோய் பரவியிருக்கிறதா என அறிவதற்கும் பரவியதை நீக்குவதற்கும் கமக்கட்டிலுள்ள நெறிகளையும் வைத்தியர்கள் அகற்றுவதுண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறிதான் இது. வைத்திய நூல்கள் இதனை நிணநீர்க் கணு என்கின்றன.

வயல் செய்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வாய்க்காலால் வரும் நீர் வயலில் பாய்ந்து, மிஞ்சியது வடிச்சல் வாய்க்காலால் வெளியேறவேண்டும். வரும் வாய்க்கால் நன்றாக இருந்து, வடிச்சல் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? நீர் தேங்கும்; பயிர் அழுகும். எமது உடலிலும் அப்படியே. இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி நிணநீராகித் தோலுக்குக் கீழுள்ள மெல்லிய குழாய்களால் வடிகிறது. கையிலிருந்து வருவது கமக்கட்டு நெறிகளைக் கடந்து, கழுத்தடியில் மீண்டும் இரத்தத்தோடு சேர்கிறது. நெறிகளை அகற்றும்போதும் அவ்விடத்துக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும்போதும் அந்த வடிச்சல் குறுகிப்போகிறது. சிலருக்குக் கை வீங்குகிறது.

எல்லோருக்கும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, கமக்கட்டு நெறிகளைப் பெருமளவு அகற்றியவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இவ்வீக்கம் ஏற்பட்டது. முதலில் நிணநீர் சென்றடையும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பரிசோதித்தவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கே வந்தது. ஆகவே கட்டியை ஆரம்பத்திலேயே கண்டு வைத்தியரிடம் போகும் பெண், உயிரை மட்டுமல்ல, கையையும் காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறாள்.

வீக்கம் ஒன்று மாத்திரம் துன்பமல்ல. சத்திரசிகிச்சைத் தழும்பு ஆறும்போது சுருங்கி நெஞ்சுத் தோலை இழுக்கிறது. வலிக்குப் பயந்து பெண்கள் தோளை முன்னுக்கு வளைத்துக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களில் தோள் அப்படியே இறுகிவிடுகிறது. சிலருக்குக் கமக்கட்டிலிருந்து முழங்கைவரை, சிலவேளை மணிக்கட்டுவரை, தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். கையை விரித்தால் அது நாண் போல இழுபடும். மேற்கையின் உட்புறம் மரத்துப்போவதும் உண்டு. மருதமுனைத் தறிகளில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்: ஒரு பக்கத்துப் பாவு இறுகிவிட்டால் முழுத் துணியும் கோணிப்போகும். தழும்பு இறுகிய நெஞ்சும் அப்படித்தான். முதலில் தோள், பின்னர் கழுத்து, பின்னர் முதுகு என்று வலி ஊர்ந்து செல்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதனைப் பலர் அறியார். கதிர்ச்சிகிச்சை பெறும் பெண், பொதுவாகக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்தபடி அசையாமல் படுத்திருக்கவேண்டும். தோள் இறுகிய பெண்ணால் அது முடியாது. அதனால் சிகிச்சையே சிக்கலாகலாம், தாமதமாகலாம். கையின் வைத்தியம் உயிரின் வைத்தியத்தோடும் தொடர்புடையது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கையால் செய்யும் வைத்தியம்

இதற்குரிய சிகிச்சைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் பொறுமையும் வேண்டும். இயன்மருத்துவர் தோள் மூட்டை மெதுவாக எல்லாத் திசையிலும் அசைத்துக் கொடுப்பார். காயம் நன்கு ஆறிய பின் தழும்பின் மீது விரலை வைத்து, தோலை அடித்தசையிலிருந்து இளக்கிவிடுவார். கயிறு போல விறைத்திருப்பதை மெல்ல மெல்ல நீட்டி விடுவார். இவற்றோடு வீட்டில் செய்யவேண்டிய அப்பியாசங்களையும் சொல்லிக் கொடுப்பார்.

வீக்கத்துக்குச் செய்யப்படுவது நிணநீர் வடிக்கும் கைச்சிகிச்சை. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் என்பவரும் அவருடைய மனைவியும் 1930 களில் பிரான்சில் பணிபுரிந்தபோது இம்முறையை உருவாக்கினர். நாட்பட்ட தடிமலால் கழுத்து நெறிகள் வீங்கியவர்களுக்கே அவர்கள் முதலில் இதனைச் செய்தனர். மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கத்துக்கு இது பின்னரே பயன்பட்டது.

இச்சிகிச்சையின் ஒழுங்கு எமது விவசாயிகளுக்கு வியப்பைத் தரும். ஏனெனில் அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. வீங்கிய கையில் முதலில் கைவைப்பதில்லை. கழுத்தடியிலும், நெஞ்சின் மறுபுறத்திலும், நோயற்ற மறு கமக்கட்டிலும் தொடங்குகிறார்கள். பின்னர் மேற்கை, அதன் பின்னரே முழங்கை, மணிக்கட்டு. வயலில் நீர் தேங்கினால் நாம் எங்கே மண்வெட்டி போடுவோம்? வடிச்சலின் கடைவாயை முதலில் வெட்டுவோம். கடைவாய் திறக்காமல் மேலிருந்து நீரைத் தள்ளுவதில் பயனில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் நாம் நேர்மையாக இருக்கவேண்டும். கைச்சிகிச்சை மட்டும் வீக்கத்தை வற்றவைத்துவிடும் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். 2015 இல் வெளியான விரிவான மீளாய்வொன்று, இது பாதுகாப்பானது என்றும், அழுத்தக் கட்டுப் போடுவதோடு சேர்த்துச் செய்தால், குறிப்பாக வீக்கம் குறைவாக உள்ளவர்களுக்கு, மேலதிகப் பயன் தரலாம் என்றும் கூறிற்று. அதாவது அழுத்தக் கட்டு, அப்பியாசம், தோலைப் பேணுதல், கைச்சிகிச்சை ஆகிய நான்கும் கட்டிலின் நான்கு கால்கள் போன்றவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு படுக்க முடியாது.

உருவுவது வேறு, இது வேறு

எமது பகுதியில் சுளுக்கு, முறிவு, நோவு என்றால் எண்ணெய் போட்டு உருவுபவர்களிடம் போவது வழக்கம். அவர்களிற் பலர் கைராசிக்காரர்கள். அவர்களை நாம் இகழவில்லை. ஆனால் நெறி அகற்றப்பட்ட கையை, மற்றக் கையைப் போல எண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவக்கூடாது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் மிக மெல்லிய குழாய்கள். அவற்றுக்கு வேண்டியது தோலை இலேசாக நகர்த்தும் தொடுகை. பச்சைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போன்ற தொடுகை. அழுத்தி உருவுவதும் சூடான ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டலாம்.

கைச்சிகிச்சை செய்யவே கூடாத வேளைகளும் உண்டு. கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது கிருமித் தொற்று. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதனைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். கை திடீரென வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். தழும்பிலோ கமக்கட்டிலோ கழுத்தடியிலோ புதிய கட்டி தென்பட்டாலும் முதலில் வைத்தியரே பார்க்கவேண்டும்.

வீங்கிய கையைக் கண்டதும் "யானைக்கால் மாதிரிக் கைக்கும் வந்திருக்கு" என்றும், "யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள்" என்றும் சொல்வோர் இருக்கிறார்கள். யானைக்காலைப் பரப்புவது நுளம்பு. அந்நோயை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. இந்தக் கை வீக்கம் எவருக்கும் தொற்றாது. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே சகனில் உண்ணலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

"அசைக்காதே" என்ற அறிவுரை

அயற்பெண்கள் சொன்ன அறிவுரை அவர்களுடைய அறியாமை மட்டுமல்ல. பல ஆண்டுகளாக வைத்திய உலகமும் ஏறத்தாழ அதையே சொல்லிவந்தது: பாரம் தூக்காதே, கையைக் களைப்படைய விடாதே. அது மாறிவிட்டது. ஏற்கெனவே கை வீக்கமுள்ள 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையோடு, சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டித் தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. திடீரென மோசமாவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. இங்கிலாந்தில் 392 பெண்களிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான மற்றொரு ஆய்வு, சத்திரசிகிச்சை முடிந்து 7 முதல் 10 நாட்களுக்குள் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் அப்பியாசம் தொடங்கியவர்களின் கை, ஒரு வருடத்தின் பின் மற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கிற்று என்று காட்டியது. வீக்கமும் காயச் சிக்கல்களும் அதனால் கூடவில்லை.

இதன் பொருள், நாளைக்கே நெல் மூடை தூக்கலாம் என்பதல்ல. முதல் நாட்களில் விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெதுவாகச் சுழற்றுவது, ஆழ மூச்செடுப்பது போதும். அந்நாட்களில் கையைத் தோள் மட்டத்துக்கு மேலே உயர்த்தவேண்டாம். வடிகுழாய் எடுக்கப்பட்டு, வைத்தியர் சம்மதித்த பின், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். இன்று எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போடுங்கள். நாளை அதைவிட ஒரு விரற்கடை மேலே போக முயலுங்கள். இரண்டு கைகளாலும் ஒரு தடியைப் பிடித்து, நல்ல கை நோயுள்ள கையை உயர்த்த உதவட்டும். கைகளைப் பிடரியில் கோத்து முழங்கைகளை விரியுங்கள். இலேசான இழுவை இருக்கலாம். கூர்மையான வலி வந்தால் நிறுத்துங்கள். மார்பை மீளமைக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தமது வைத்தியர் சொல்லும் ஒழுங்கையே பின்பற்றவேண்டும்.

தோலைப் பேணுவதும் இதில் அடங்கும். வேளாண்மைக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சேறும் முள்ளும் அரிவாளும் அன்றாடத் துணைகள். களை பிடுங்கும்போதும் மிளகாய் ஆயும்போதும் நீண்ட கைச்சட்டையும் கையுறையும் அணியட்டும். சிறு கீறல் என்றாலும் சவர்க்காரமிட்டுக் கழுவி மூடட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வெடிக்காமல் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளட்டும். இது உருவுவதற்கல்ல, தோலை ஈரமாக வைப்பதற்கு.

கயிறும் பந்தும்

இயன்மருத்துவர்கள் போதாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1952 இல் நியூயோர்க்கில் ஒரு பெண் செய்து காட்டியதை எண்ணிப் பார்க்கலாம். அவர் பெயர் டெரீஸ் லாஸர். மார்பு அகற்றப்பட்டு வீடு திரும்பிய அவருக்கு, கையை எப்படிப் பழக்குவது, எப்படி மீண்டும் வாழ்வது என்று சொல்ல எவருமில்லை. தாமே கற்றுக்கொண்டார். பின்னர், சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையிலிருந்த பெண்களைத் தேடிப் போகத் தொடங்கினார். ஒரு கயிறு, ஒரு றப்பர் பந்து, தானும் அதே பாதையால் வந்தவள் என்ற சாட்சி: அவர் கொண்டுபோனது அவ்வளவுதான். ஆரம்பத்தில் சில வைத்தியர்கள் முகஞ்சுழித்தார்கள். ஆயினும் 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அப்பணியைத் தனதாக்கிக்கொண்டது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

பந்து கையிற் பிடித்து அமுக்குவதற்கு. கயிறு ஒரு தடிக்கு மேலால் போட்டு, நல்ல கையால் கீழே இழுக்க மறு கை மேலே எழுவதற்கு. கிணற்றுக் கப்பியை அறிந்த எமக்கு இதனை எவரும் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை. வீட்டு விறாந்தை வளையில் ஒரு கப்பியும் ஒரு முழக் கணக்கில் கயிறும் போதும்.

எமது நாட்டிலும் சாதாரண மக்கள் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2011 இல் தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை பல்லாயிரம் பேர் கட்டங்கட்டமாக நடந்து திரட்டிய நிதியைக் கொண்டே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இரு மொழி மக்களும் காசு போட்டார்கள். அந்த அளவுக்குப் பெரிய காரியம் எதனையும் நாம் இங்கு கேட்கவில்லை.

எமது கரையோரத்துத் தடைகள்

எமது நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது சிறிய பேறு அல்ல. மகரகமவில் உள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலை 1950 களிலிருந்து ஏழைகளைப் பார்த்துவருகிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. கல்முனையின் பெரிய வைத்தியசாலைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் பெண்கள் கைச்சிகிச்சைக்குப் போகாதிருப்பது ஏன்?

முதலாவது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனவே கேட்பதில்லை, கேட்காததால் கடிதம் எழுதிக் கொடுக்கப்படுவதுமில்லை. இரண்டாவது, கூச்சம். நெஞ்சுத் தழும்பை ஆணொருவர் தொட்டுச் சிகிச்சை செய்வதை எமது முஸ்லிம் சகோதரிகளிற் பலர் ஏற்கமாட்டார்கள். தமிழ்ப் பெண்களும் பெரும்பாலும் அவ்வாறே. இக்கூச்சத்தைப் பிற்போக்கு என்று ஏசுவதில் பயனில்லை. அதனை மதித்துப் பெண்களைக் கொண்டே ஒழுங்கு செய்வதுதான் வழி. மூன்றாவது, நாட்கூலி. ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாட் சம்பளமும் இருவரின் பஸ் காசும் போய்விடும். நான்காவது, இடம்பெயர்ந்தவர்களுக்கே உரிய தடை. முகாம், உறவினர் வீடு, தற்காலிகக் கொட்டில், வீட்டுத்திட்டம் என்று இடம் மாறும்போது கிளினிக் அட்டை தொலைகிறது. குடும்பத்தை அறிந்த மருத்துவமாது மாறுகிறார். நோயாளி பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். அழுத்த உறையின் விலையும், எமது வெயிலில் அதனை அணியும் புழுக்கமும் ஐந்தாவது.

"உயிரோடிருக்கிறாளே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். வயலைப் பறிகொடுத்தவனிடம், "உயிரோடு வந்தீர்களே, அது போதாதா?" என்று அதிகாரிகள் கேட்டபோது நமக்கு எப்படி வலித்தது? அதே கேள்வியை நம் வீட்டுப் பெண்ணிடம் நாமே கேட்கலாமா?

நாம் கேட்பவை

1. மார்புச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட எந்தப் பெண்ணும், இயன்மருத்துவருக்கான கடிதமும், படத்தோடு கூடிய தமிழ் அப்பியாசத் தாளும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்படக்கூடாது.

2. கரையோரத்தின் பெரிய வைத்தியசாலைகளில் மாதத்தில் ஒரு நாளாவது, பெண் இயன்மருத்துவர் ஒருவர் இவர்களை மட்டும் தனி அறையில் பார்க்கும் ஒழுங்கு வேண்டும். அது வேறொரு கிளினிக்கோடு ஒரே நாளில் அமைந்தால் ஒரு கூலிநாள் மிஞ்சும்.

3. 1996 முதல் எமது நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பில் கட்டி உண்டா என்று பார்க்கிறார்கள். அதே இடத்தில், சத்திரசிகிச்சை முடிந்தவர்களிடம் நான்கு கேள்விகளும் கேட்கப்படட்டும்: கை காதோடு உயர்கிறதா? சட்டைக் கை இறுகுகிறதா? கை பாரமாக இருக்கிறதா? சிவந்து காய்ச்சல் வந்ததா? வீக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டால் அடக்குவது எளிது. தோல் தடித்த பின் கடினம்.

4. மாதர் சங்கங்கள், தமது ஊரில் இப்பாதையால் வந்த பெண் ஒருவரை, அவர் விரும்பினால், புதிதாகச் சத்திரசிகிச்சை செய்தவரிடம் அனுப்பட்டும். வைத்தியம் செய்ய அல்ல. சுவரில் கரிக்கோடு போடச் சொல்லிக் கொடுக்க.

5. எம்மைப் போன்ற அபிவிருத்தி நிறுவனங்கள், தையல் இயந்திரமும் தண்ணீர்ப் பம்பியும் கொடுக்குமுன் அவற்றை இயக்கும் கை எப்படியிருக்கிறது என்று பார்க்கட்டும். பயனாளிக்குரிய தொகையில் பஸ் காசும் அழுத்த உறையும் சேரட்டும்.

ஆறாவதாக ஒன்று உண்டு; அதனை அரசிடமோ நிறுவனத்திடமோ கேட்க முடியாது. கணவன்மாரே, மகன்மாரே, உங்களிடமே கேட்கிறோம். சில மாதங்களுக்குத் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அழுத்தக் கட்டுச் சுற்றப் பழகுங்கள்; ஒரு கையால் தன் கைக்குத் தானே சுற்றுவது எவ்வளவு சிரமம் என்று ஒரு நாள் முயன்று பாருங்கள். அவள் அப்பியாசம் செய்யும் கால் மணித்தியாலத்தை வீண் நேரம் என்று எண்ணாதீர்கள்.

முடிவாக

தொடக்கத்தில் சொன்ன சகோதரியைப் பற்றி வாசகர்கள் கேட்பீர்கள். அவர் ஒரு பெண் இயன்மருத்துவரிடம் போனார். பல மாதம் போகவேண்டியிருந்தது. எமது உத்தியோகத்தரும் முதற் சில தடவை கூடவே போனார். வீக்கம் முழுமையாக வற்றவில்லை. அது முழுமையாக வற்றாது என்றும், வாழ்நாள் முழுவதும் பேணவேண்டும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. முதல் வாரங்களிலேயே தொடங்கியிருந்தால் இந்த நிலை வராமலே போயிருக்கக்கூடும். ஆனால் தோள் இளகிற்று. சமையலறைச் சுவரில் கரிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. மேலேயுள்ள கோடு அவருடைய தலைக்கு மேலே இருக்கிறது. தலையைத் தானே வாரிக்கொள்கிறார். தக்பீர் கட்டும்போது இரண்டு கைகளும் உயர்கின்றன என்று எமது உத்தியோகத்தரிடம் சொல்லியனுப்பினார். இயந்திரத்தை மூடியிருந்த சாறன் இப்போது அதன் மேல் இல்லை. ஒரே மூச்சில் தைக்க அவரால் முடியாது. அரை மணித்தியாலம் தைத்துவிட்டுக் கையை உயர்த்தி ஓய்வெடுக்கிறார்.

பதிவேட்டில் நாம் எழுதிய அந்த வரியை அழிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரியை எழுதி வைத்திருக்கிறோம்: "நாம் கேட்கத் தவறினோம்." எமது வாசகர்களின் வீடுகளில், சட்டைக் கையை நீளமாக இழுத்துவிட்டு மௌனமாக இருக்கும் தாயோ, ராத்தாவோ, மச்சாளோ இருக்கக்கூடும். இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, இன்று அவரிடம் கேளுங்கள்: கை எந்த மட்டுக்கு உயருது?